ஒட்டுக்கு ஒரு பெயர்ச்சீட்டு

கிழிந்த ஆடைக்கு ஒட்டுப் போடுவதைப் போலவே கணினி நிரலுக்கும் ஒட்டுப் போடுவதுண்டு. ஒரு நிரலில் எந்த வரியை நீக்கவேண்டும், எந்த வரியைச் சேர்க்கவேண்டும் என்பதை மாத்திரம் எழுதிவைத்த சிறு கோப்பே அந்த ஒட்டு. இத்தகைய கோப்பைப் படித்து, திருத்தங்களைத் தானாகவே உரிய இடத்திற் பொருத்தும் கருவியொன்றை 1985ஆம் ஆண்டில் அமெரிக்கரான லாரி வால் வெளியிட்டார். வரிகள் சற்று முன்பின்னாக நகர்ந்திருப்பினும், அயலிலுள்ள வரிகளைக் கொண்டு இடத்தை அறிந்துகொள்ளும் ஆற்றல் அதற்கு இருந்தது.

எட்டாண்டுகள் கழிந்து, 1993இல், இயன் மேர்டொக் என்பவர் டெபியன் என்னும் வழங்கலைத் தொடங்கினார். உலகெங்குமுள்ள பலர் தனித்தனியே எழுதிய திறந்த மூல மென்பொருள்களைத் திரட்டி, ஒன்றோடொன்று இணங்கச் செய்து, எவரும் பெறத்தக்கதாக வழங்குவதே அதன் பணி. பணியாற்றுவோர் தொண்டர்கள். பிறர் எழுதியதைத் தம் வீட்டுக்கு ஏற்ப அமைக்கும்போது ஒட்டுக்கள் தவிர்க்கமுடியாதவை ஆகின்றன.

தொடக்ககால ஏற்பாடு நேர்மையானது. மூல ஆசிரியரின் நிரலை அவர் தந்தபடியே ஒரு கட்டாகவும், தாம் செய்த மாற்றங்களையெல்லாம் வேறொரு கோப்பாகவும் டெபியன் வெளியிட்டது. எனினும் அந்த மாற்றங்கள் அனைத்தும் ஒரே கோப்பில் ஓடின. எந்த மாற்றம் எவருடையது, எக்காரணம் பற்றியது என்று பிரித்தறிவது கடினமாயிற்று. பாடபேதங்களைக் குறித்துவைத்து, எந்த ஏட்டிற் கண்டது என்று சொல்லாமல் விட்ட பதிப்பாசிரியரின் நிலை இது.

இக்குறையை உணர்ந்த சிலர் தாமாகவே கருவிகளை ஆக்கிக்கொண்டனர். டிபேட்ச் என்ற கருவி ஒவ்வொரு மாற்றத்தையும் தனிக்கோப்பாக்கியது. பெயரின் தலைப்பில் 01, 02 என எண்ணிட்டு, உள்ளே சிறு விளக்கம் எழுத இடமும் வைத்தது. லினக்ஸ் கருவுக்கான ஒட்டுக்களைக் கையாள அன்ட்ரூ மோர்ட்டன் எழுதிய சிறு நிரல்களை அடியாகக் கொண்டு, அன்ட்றியாஸ் குறூன்பாஹர் குவில்ட் என்ற கருவியை உருவாக்கினார். துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. ஒட்டுக்களின் வரிசையை இக்கருவி தனிப் பட்டியலில் எழுதிவைத்தது. ஆகவே பெயரில் எண் வேண்டியதில்லை. பெயர் பொருளைச் சொன்னாற் போதும். ஆனால் இவற்றைக் கையாள்வது அவரவர் விருப்பமாகவே இருந்தது.

அந்த நிலையிலேதான் ஓப்பன் எஸ்.எஸ்.எல். விபரீதம் நேர்ந்தது. வலைத்தொடர்புகளை மறைகுறியாக்கிக் காக்கும் மென்பொருள் அது. அதன் திறவுகோல்கள் எழுமாற்று எண்களிலிருந்து பிறக்கின்றன. எண்ணை எவரும் ஊகிக்க இயலாதென்பதே பாதுகாப்பின் அடிப்படை. நினைவகப் பிழைகளைத் தேடும் ஒரு கருவி, இந்நிரல் தொடக்கமதிப்பு இடப்படாத நினைவகத்தைப் படிக்கிறது என்று எச்சரித்தது. எச்சரிக்கையை அடக்கும்பொருட்டு 2006இல் டெபியன் பதிப்பில் இரு வரிகள் செயலிழக்கச் செய்யப்பட்டன. வரிகள் இரண்டும் தோற்றத்தில் ஒன்றே. அவற்றுள் ஒன்றை நீக்கியதால் தீங்கில்லை. மற்றையதோ, திரட்டிய எழுமாற்றுத் தரவுகள் எல்லாம் உள்ளே நுழையும் வாயில்! அது அடைபட்டபின் எஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயக்குதளம் இடும் செயல் எண் ஒன்றே. ஒரே வகையும் நீளமும் உடைய திறவுகோல்கள், ஒருவகைக் கணினியில், ஏறத்தாழ 32,767 மாத்திரமே பிறக்கக்கூடும் என்றாயிற்று. அத்தனையையும் முன்கூட்டியே கணித்துப் பட்டியலிட்டு வைத்துக்கொள்ள எவராலும் முடியும்.

திருத்தம் ஒளிவுமறைவாகச் செய்யப்பட்டதன்று. மூல நிரலாளர் கூடும் பொது அஞ்சற்பட்டியலிற் கேள்வி எழுப்பப்பட்டது. கிடைத்த மறுமொழிகள் அதைத் தடுக்கவில்லை. அவ்விடம் அதற்கு உரியதன்று என்ற வாதம் பின்னர் எழுந்தது. கேட்டவரும் மறுமொழி தந்தவரும் ஒரே கோப்பை, ஒரே குறிப்பை முன்வைத்துப் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற வினா நியாயமானதே.

2006 செப்டெம்பரில் வெளியான அப்பதிப்பின் பிழையை ஆர்ஜென்டீனரான லூசியானோ பெல்லோ கண்டறிந்தார். 2008 மே 13இல் டெபியன் அறிவித்தது. இடையிற் கழிந்தவை இருபது மாதங்கள். டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவும் பாதிக்கப்பட்டது. அக்காலத்தில் ஆக்கிய திறவுகோல்களைக் களைந்து புதியன ஆக்க நேர்ந்தது. டி.எஸ்.ஏ. வகைத் திறவுகோல்களோ, வேறிடத்திற் பிறந்தவையாயினும், பழுதுற்ற பொறியிற் கையொப்பமிடப் பயன்பட்டிருந்தாலே கைவிடத்தக்கவை ஆயின.

மாற்றங்களைத் தனித்தனி ஒட்டுக்களாக வைக்கும் புதிய மூலவடிவத்துக்கான வேலை அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. 2009இல் ரபாயெல் ஹேர்ட்சொக் ஒட்டுக்களுக்கான தலைக்குறிப்பு விதிகளை முன்மொழிந்தார். விளக்கம், ஆசிரியர், தோற்றம், குறை அறிக்கை, மீளாய்ந்தவர், கடைசியாகத் திருத்திய நாள் என்பன அதன் பகுதிகள். தோற்றம் என்ற பகுதி, ஒட்டு மூல ஆசிரியரிடமிருந்து வந்ததா, பிற்பதிப்பிலிருந்து முற்பதிப்புக்கு இணக்கியதா, வழங்கலார் தாமே செய்ததா என்று பிரிக்கிறது. எல்லாவற்றிலும் கூர்மையானது, மூல ஆசிரியருக்கு அனுப்பப்பட்டதா என்ற கேள்வி. இல்லை என்றும் எழுதலாம், தேவையில்லை என்றும் எழுதலாம்; கேள்வியோ முன்னிற்கும்.

கருவிகளும் மெல்லவே கடுமையாயின. புதிய வடிவத்தின் தொடக்கத்தில், பதிவுசெய்யப்படாத மாற்றங்களைக் கண்டால் கருவியே அவற்றை ஒரே ஒட்டாகத் திரட்டி, பதிப்பு எண்ணைப் பெயராகச் சூட்டிவிட்டது. பழைய குப்பை புதிய கூடைக்கு மாறியது அவ்வளவே. பின்னர் அது மாற்றப்பட்டது. பெயரற்ற மாற்றத்தைக் கண்டால் கருவி வேலையை நிறுத்தி, பெயர் கேட்டு, நிரப்புவதற்குத் தலைக்குறிப்பின் வார்ப்பையும் எடுத்து நீட்டியது. அவ்வார்ப்பை நிரப்பாமலே விட்டுச் செல்வோர் இருந்தமையால், பொதிகளைச் சோதிக்கும் லின்டியன் என்ற கருவிக்கு அதையும் கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பு வந்து சேர்ந்தது.