ஒளியும் அலையும்: ஒரு நூற்றாண்டு வழக்கு

அமைதியான குளத்தில் ஒரு கல்லை எறிகிறோம். கல் விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக அலைகள் எழுந்து கரையை நோக்கி விரைகின்றன. நீரே கரைக்கு ஓடி வருவதாக நமக்குத் தோன்றும். ஆனால், அக்குளத்தில் மிதக்கும் ஒரு சருகை உற்று நோக்குவோமாயின் உண்மை விளங்கிவிடும். அலை வரும்போது சருகு மேலெழுகிறது. அலை கடந்ததும் கீழிறங்குகிறது. ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஓடுவது நீரன்று, நீரின் அசைவே ஓடுகிறது. பொருள் இடம்பெயராமல் ஆற்றல் மட்டும் இடம்பெயரும் இந்நிகழ்ச்சியைத்தான் அலையியக்கம் என்கிறோம்.

அலையின் உயர்ந்த பகுதி முகடு. தாழ்ந்த பகுதி அகடு. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தொலைவு அலைநீளம். ஒரு வினாடியில் ஓரிடத்தைக் கடந்து செல்லும் அலைகளின் எண்ணிக்கை அதிர்வெண். இவ்விரண்டையும் பெருக்கினால் அலையின் வேகம் கிடைக்கும். ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. எனவே, வினாடிக்கு 340 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் ஒரு மீட்டர் ஆகும்.

அலைகளுக்கே உரிய விந்தையான பண்பு ஒன்றுண்டு. குளத்தில் இரண்டு கற்களை எறிந்தால் இரு வட்டங்களும் ஒன்றையொன்று ஊடுருவும். முகடும் முகடும் கூடுமிடத்தில் நீர் மேலும் உயரும். முகடும் அகடும் கூடுமிடத்திலோ நீர் அசைவற்று நிற்கும். இரு பொருள்களைச் சேர்த்தால் பெருகுமேயன்றி இல்லாமற் போவதில்லை. இரண்டு அலைகள் சேர்ந்தாலோ இரண்டுமே மறைந்து போகலாம். இதனைக் குறுக்கீட்டு விளைவு என்பர். ஒளியைப் பற்றி அறிஞருலகில் நூறாண்டுகளுக்கு மேல் நீடித்த ஒரு பெரும் வழக்கைத் தீர்த்து வைத்தது இப்பண்பேயாகும். அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பஸராவில் தொடங்கிய ஆராய்ச்சி

கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருள்களைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என யூக்ளிடும் தாலமியும் எண்ணினர். அவ்வெண்ணத்தைச் சோதனைகளால் மறுத்தவர் பஸராவில் சுமார் 965-இல் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, சுமார் 1040-இல் மறைந்த இப்னுல் ஹைதம். பொருள்களிலிருந்து வரும் ஒளி கண்ணில் புகுவதாலேயே நாம் காண்கிறோம் என்று ஏழு பாகங்கள் கொண்ட தமது ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலில் அவர் நிறுவினார். அந்நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு 1572-இல் பாஸல் நகரில் அச்சேறியது.

ஒளி ஓர் அலை என்று இப்னுல் ஹைதம் கூறியதாகச் சொல்வது பொருந்தாது. கடினமான பரப்பில் மோதித் திரும்பும் பந்தையே அவர் ஒளி எதிரொளிப்புக்கு உவமையாகக் காட்டினார். அவருடைய பெருமை வேறோரிடத்தில் இருக்கிறது. தாலமியின் கூற்றுகளிலுள்ள ஐயங்களைத் தொகுத்து அவர் தனியாக ஒரு நூலே எழுதினார். உண்மையை நாடுவோர் முன்னோர் எழுதியவற்றை அப்படியே நம்பாமல், சான்றுகொண்டு ஆராய வேண்டும் என்பது அதில் அவர் வற்புறுத்திய நெறி. அந்நெறியின் அருமையைப் பிற்கால ஐரோப்பிய வரலாறு நன்கு காட்டும்.

இரு கொள்கைகள்

ஒளி ஓர் அலையே என்று டச்சு நாட்டு அறிஞர் ஹைகன்ஸ் 1690-இல் வெளியிட்ட நூலில் எழுதினார். இங்கிலாந்தின் நியூட்டனோ, ஒளி என்பது மிக நுண்ணிய துகள்களின் ஓட்டம் என்னும் கருத்தின் பக்கமே நின்றார். அவருடைய ‘ஒளியியல்’ நூல் 1704-இல் வெளிவந்தது. அவர் காட்டிய காரணம் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. ஒலி அலையாதலால் குன்றுக்கு அப்பாலும் வளைந்து சென்று காதில் விழுகிறது. ஒளி அலையானால் அதுவும் வளைய வேண்டுமே. பொருள்களின் நிழல் கூரிய விளிம்போடு விழுவது எப்படி? நியூட்டனின் பெயருக்கிருந்த செல்வாக்கினால் அடுத்த நூறாண்டுக் காலம் துகட்கொள்கையே மேலோங்கி நின்றது.

இதிலே ஒரு வியப்பு. வழக்கைத் தீர்க்கும் திறவுகோல் நியூட்டனின் வேறொரு நூலிலேயே இருந்தது! இக்கால வியட்நாமைச் சேர்ந்த டோங்கிங் வளைகுடாவிலுள்ள பட்ஷா துறையில் நாளொன்றுக்கு ஒரே ஓதம்தான் ஏறி இறங்குகிறது என்றும், நிலவு நிலநடுக்கோட்டைக் கடக்கும் நாளில் நீர் அசையாது நிற்கிறது என்றும் 1684-இல் இங்கிலாந்தில் ஒரு செய்தி வெளியாயிற்று. ஓத அலை இரு வழிகளாக அத்துறையை அடைகிறது. ஒன்று மற்றதைவிட ஆறு மணி நேரம் பிந்தி வருகிறது. ஒன்றின் ஏற்றமும் மற்றதன் இறக்கமும் சேர்ந்து சமமாகிவிடுகின்றன என நியூட்டன் 1687-இல் வெளியான ‘பிரின்சிபியா’வில் விளக்கினார். அவ்வளைகுடாவின் ஓதத்துக்கு இன்றைய கடலியலார் ஒத்ததிர்வைக் காரணமாகக் கூறுகின்றனர். ஆயினும், அலையை அலை அழிக்கும் என்னும் தத்துவத்தை அவர் எழுதி வைத்துவிட்டார். அதை ஒளிக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

மருத்துவரின் சோதனை

பொருத்திப் பார்த்தவர் தாமஸ் யங் என்னும் லண்டன் மருத்துவர். 1773-இல் பிறந்த இவர், ஒலியை ஆராய்ந்தபோது இரு ஒலிகள் கூடிப் பெருகுவதையும் தேய்வதையும் கண்டு, ஒளியும் அவ்வாறே என்று கருதினார். பட்ஷா துறையின் ஓதத்தையும் சான்றாக எடுத்துக் காட்டினார்.

1803-இல் அவர் விளக்கிய சோதனை மிக எளிமையானது. சன்னலிலிட்ட சிறு துளை வழியே வரும் சூரிய ஒளியில், அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டொன்றைப் பிடித்தார். அதன் நிழலுக்குள்ளேயே ஒளியும் இருளுமாகக் கோடுகள் தோன்றின. அட்டையின் ஒருபுறம் வரும் ஒளியை மறைத்ததும் அக்கோடுகள் மறைந்தன! இருபுறத்து ஒளியும் கூடினால்தான் கருங்கோடு உண்டாகிறது. ஒளியோடு ஒளி சேர்ந்து இருள் பிறக்கிறது என்றால், ஒளி அலையன்றி வேறென்ன? நியூட்டனே அளந்து வைத்த வண்ண வளையங்களின் கணக்கைக் கொண்டு ஒளியின் அலைநீளத்தையும் அவர் கண்டறிந்தார். ஓர் அங்குலத்தில் செவ்வொளியின் அலைகள் சுமார் 38,000. ஊதா ஒளியின் அலைகள் சுமார் 60,000. நியூட்டனின் வினாவுக்கு இதிலேயே விடையுண்டு. அலைநீளம் இத்துணைச் சிறியதாதலால் ஒளியின் வளைவும் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

அவருக்குக் கிடைத்த பரிசு ஏளனமே. ‘எடின்பரோ ரிவ்யூ’ இதழில் ஹென்றி புரூம் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். யங் ஒரு சிறு நூலில் மறுமொழி கூறினார். அதில் ஒரே ஒரு பிரதிதான் விற்றதாக அவரே குறிப்பிட்டுள்ளார்.

நிழலின் நடுவே ஒளி

பிரான்சில் பிரெனெல் என்னும் சாலைப் பொறியாளர் 1815-இல் நெப்போலியனை எதிர்த்ததால் பதவியிழந்தார். அந்த ஓய்வுக் காலத்தில் அவரும் ஒளி ஆராய்ச்சியில் இறங்கி, அலைக்கொள்கைக்குத் தெளிவான கணித வடிவம் தந்தார். பாரிஸ் அறிவியற் கழகம் அறிவித்த போட்டிக்கு 1818-இல் தமது கட்டுரையை அனுப்பினார். நடுவர் குழுவிலிருந்த லாப்லாஸ், பியோ, புவாசோன் ஆகியோர் துகட்கொள்கையில் ஊன்றியவர்கள்.

புவாசோன் பெருங்கணித மேதை. பிரெனெலின் கணக்கை அவர் மேலும் நடத்திப் பார்த்து ஒரு முடிவைக் கண்டார். அக்கணக்கு மெய்யானால், வட்டமான தட்டு ஒன்றின் நிழலின் நட்ட நடுவில் ஒளிப்புள்ளி தோன்ற வேண்டும்! நிழலின் நடுவே ஒளியா? இக்கொள்கை பிழையென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பதே அவருடைய வாதம். குழுவிலிருந்த அரகோ வாதாடிக் கொண்டிராமல், 2 மில்லிமீட்டர் அளவுள்ள வட்டத் தகட்டைக் கண்ணாடியில் மெழுகால் ஒட்டிச் சோதித்தார். நிழலின் நடுவே ஒளிப்புள்ளி தெளிவாக நின்றது. 1819-இல் பரிசு பிரெனெலுக்கே வழங்கப்பட்டது. மறுப்பதற்கென எழுப்பிய வினாவே கொள்கையை நிலைநாட்டிய சான்றாயிற்று.

பிற்காலம்

துகட்கொள்கைப்படி ஒளி நீரில் விரைந்து செல்ல வேண்டும்; அலைக்கொள்கைப்படி மெதுவாகச் செல்ல வேண்டும். மெதுவாகவே செல்கிறது என 1850-இல் பூக்கோ காட்டினார். ஒளி ஒரு மின்காந்த அலை என 1865-இல் மாக்ஸ்வெல் கணித்தார். அத்தகைய அலைகளை 1888-க்குள் ஹெர்ட்ஸ் தமது ஆய்வுக்கூடத்தில் எழுப்பிக் காட்டினார். வானொலியும் தொலைக்காட்சியும் கைபேசியும் அதன் வழித்தோன்றல்களே.

அத்தோடு வழக்கு முடியவில்லை. சில நிகழ்ச்சிகளில் ஒளி துகள் போலவும் நடந்துகொள்கிறது என 1905-இல் ஐன்ஸ்டைன் எடுத்துரைத்தார். எனினும், இது நியூட்டனின் பழைய துகளன்று; இன்றைய அறிவியல் இரு பண்புகளையும் ஒருங்கே ஏற்கிறது.

நியூட்டன் மாமேதை என்பதில் ஐயமில்லை. அவரைப் போற்றியோர் அவருடைய அளவீடுகளைப் பின்பற்றாமல் பெயரைப் பின்பற்றினர். எதிர்த்ததாகப் பழிக்கப்பட்ட யங்கோ, அவருடைய அளவீடுகளையே கொண்டு உண்மையை நிறுவினார். பெரியோருக்குச் செய்யும் மெய்யான மரியாதை எது என்பதற்கு இவ்வரலாறு நல்ல விளக்கம். பஸராவின் பேரறிஞர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வற்புறுத்திய நெறியும் அதுவேயன்றோ? நம் பிள்ளைகளுக்கு அவருடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதோடு நில்லாமல், அவருடைய வழியையும் சொல்லித் தருவோமாக.