ஊவாத் தோட்டங்களின் பிரஜாவுரிமை வரலாறு

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, லுணுகலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழர், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்த நாட்டவர் என்பது முடிவாகாமல் இருந்தவர்கள். மலையகத் தமிழர் தொகையில் நுவரெலியாவுக்கு அடுத்து நிற்பது பதுளை மாவட்டம்தான்.

தோட்டங்களுக்கு ஆள்சேர்த்த கங்காணிமார் இவர்களின் முன்னோரைத் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து அழைத்து வந்தார்கள். 1924இல் பதுளைக்கு ரயில் வந்தது. 1947 பொதுத் தேர்தலில் இவர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. பதுளையில் வென்றவர் எஸ். எம். சுப்பையா. மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் பரம்பரைச் சான்று கேட்டது. லயம் எனும் தோட்டத் தொடர்வீட்டில் பிறந்தவர் பாட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவார்?

பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க வழிவிட்ட 1949இன் 3ஆம் இலக்கச் சட்டத்துக்கு ‘இந்திய, பாகிஸ்தானிய வதிவோர்’ என்று பெயர். பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானியர் ஆகிவிட்ட வணிகரும், பசறைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவரும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தார்கள். 1946 ஜனவரி 1க்கு முன் திருமணமானவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்ததாகக் காட்ட வேண்டும். நடுவில் இந்தியாவில் இருந்த ஊருக்குப் போய்வந்தவர்களுக்கு அதுவே வினையாயிற்று. சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின; பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

1964 அக்டோபர் 30இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்டை நாடுகளின் நல்லுறவுக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வோர் உண்டு. பங்கு போடப்பட்ட மக்களின் தலைவர்களிடம் இரு அரசுகளும் கலந்து பேசவில்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை.

பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கிய குடும்பங்கள் மண்டபம் முகாமுக்குப் போயின. முன்பு இலங்கைக்குப் புறப்பட்ட தொழிலாளரை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த முகாமும் அதுவே. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று ஆன வீடுகள் ஏராளம். தாயகம் திரும்பியோருக்கென்று நீலகிரியில் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பலர் மறுபடியும் கொழுந்துக் கூடையைத்தான் சுமந்தார்கள். இலங்கைப் பதிவேடுகளில் ‘இந்தியத் தமிழர்’ ஆக இருந்தவர்களைத் தமிழ்நாட்டில் ‘சிலோன்காரர்’ என்றார்கள்.

இலங்கையின் உள்நாட்டுப் போரால் 1984இல் கப்பல் நின்றது. எஞ்சியோருக்கு 1988, 2003 சட்டங்கள் இலங்கைப் பிரஜாவுரிமை தந்தன. ஆனால் 2014 அக்டோபர் 29இல் ஊவாவின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியபோது, அங்கிருந்தவர்கள் வாக்குரிமை பெற்றிருந்தும் சொந்தக் காணி இல்லாதவர்கள். அதன்பின் இந்திய உதவியில் பதுளை மாவட்டத்திலும் தனி வீடுகள் எழுந்தன. லயங்களில் இருக்கும் பெரும்பாலான குடும்பங்களுக்குக் காணி உறுதி இன்னும் கிடைக்கவில்லை.