தேர்த் தச்சனும் லோட்டஸ் காரும்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலைப் பகைவர்க்கு எடுத்துரைக்க வந்த ஔவையார், அவனுடைய யானைகளையும் குதிரைகளையும் எண்ணிக் காட்டவில்லை. ஒரு தச்சனை நினைவூட்டுகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்துவிடும் கைத்திறன் வாய்ந்த தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் கருத்தூன்றி ஒரேயொரு சக்கரத்தைச் செய்தால் அச்சக்கரம் எத்தகைய உறுதியுடையதாக இருக்கும்? அத்தகையவன் எங்களிடையே உள்ளான், களம் புகுமுன் எண்ணிப் பாருங்கள் என்பது புறநானூற்று 87ஆம் பாட்டின் கருத்து. வீரத்தைப் பாட வந்த புலவர், தொழிற்கூடத்து உண்மையொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிட்டார். எட்டுத் தேர் செய்யும் விரைவு அத்தச்சனுக்குப் பெருமைதான். ஆயினும் பகைவரை அஞ்சச் செய்வது அந்த ஒரு சக்கரமே.

2010ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் இறுதியில் பாரிஸ் மாநகரில் நடந்த மோட்டார்க் கண்காட்சியில், இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் ஒரே நாளில் ஐந்து புதிய கார்களை உலகிற்குக் காட்டியது. திரைப்பட நடிகர்களும் இசைவாணர்களும் விருந்தினராக வந்திருந்தனர். ஐந்தனுள் தலையாயது எஸ்பிரிட் என்னும் பந்தய வேகக் கார். அது வெளிவரும்போது இத்தாலியப் பெராரியை வெல்லுமா, மெக்லாரனுக்கு ஈடு கொடுக்குமா என்று மோட்டார் ஏடுகள் பக்கம் பக்கமாக எழுதின. இச்செய்தி மலேசியத் தமிழர்க்கும் அயலானதன்று. லோட்டசின் உரிமையாளர், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து கிள்ளான் செல்லும் வழியில் ஷா ஆலமில் அமைந்த புரோட்டோன் நிறுவனமே. புரோட்டோனின் பங்குகளில் நாற்பது விழுக்காட்டிற்கு மேல் அன்று அரசின் முதலீட்டு நிறுவனமாகிய கசானாவிடம் இருந்தன. ஆதலின் பாரிசில் ஒளிவிளக்கின்கீழ் நின்ற அக்கார்களில் இந்நாட்டுப் பொதுப்பணத்திற்கும் பங்குண்டு.

மலேசியாவின் தேசியக் கார் பிறந்த கதை யாவரும் அறிந்ததே. 1983 மே திங்களில் புரோட்டோன் நிறுவப்பட்டது. 1985 சூலையில் முதற்காரான சாகா வெளிவந்தது. அதன் உடலும் எந்திரமும் ஜப்பானின் மிட்சுபிஷியிடமிருந்து வந்தவை. சாகா என்பது ஒரு மரத்தின் பெயர். அதன் சிவந்த விதையை ஆனைக்குன்றிமணி என்பர் தமிழர். பொன்னை நிறுக்கும் எடையாக அவ்விதை வழங்கியதைப் பழைய பொற்கொல்லர் நன்கு அறிவர். மஸ்ஜித் இந்தியாவின் நகைக்கடைகளில் இன்று மின்தராசுகள் வந்துவிட்டன. குன்றிமணி எடை என்னும் பேச்சு மட்டும் முதியோர் வாயில் எஞ்சியுள்ளது. இலேசான விதையொன்றின் பெயரைத் தாங்கிய காரின் நிறுவனம், பின்னாளில் இலேசான கார்களுக்கே பெயர்பெற்ற லோட்டசை வாங்கியது தற்செயல் எனினும் சுவையானது.

லோட்டசை 1952இல் தோற்றுவித்தவர் கோலின் சேப்மன். குதிரைத்திறனைக் கூட்டினால் கார் நேர்வழியில்தான் விரையும், எடையைக் குறைத்தாலோ வளைவிலும் விரையும் என்பது அவர் கொள்கை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் நின்ற ஹெதல் என்னும் நார்போக் மாவட்டத்துத் தளத்தில் 1966இல் தம் தொழிற்சாலையை அமைத்தார். (சென்னையை அடுத்த சோழவரத்திலும் போர்க்கால விமான ஓடுதளமே பின்னர்ப் பந்தயக் களமாயிற்று என்பது ஒப்புநோக்கத்தக்கது.) 1963 முதல் 1978 வரை ஆறு முறை உலக ஓட்டுநர் பட்டம் லோட்டஸ் காரில் ஓடியவர்க்கே கிட்டியது. அப்பெயர் மலாயாவிற்கும் அப்போதே வந்துவிட்டது. சிங்கப்பூர்த் தாம்சன் சாலையில் மலேசிய கிராண்ட் பிரி என்னும் பெயரில் நடந்த பந்தயத்தை 1963இலும் 1965இலும் வென்ற ஹாங்காங் வீரர் ஆல்பர்ட் பூன் ஓட்டியது லோட்டஸ் 23 என்னும் சிறு கார். 1968இல் ஷா ஆலமை ஒட்டிய பத்து தீகாவில் பந்தயத் தடம் திறக்கப்பட்டபின், கிள்ளான் பள்ளத்தாக்கினர் இத்தகைய கார்களை வீட்டருகிலேயே காணும் வாய்ப்பும் பெற்றனர்.

சேப்மன் 1982இல் மறைந்தார். நிறுவனம் 1986இல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்சிடமும், 1993இல் இத்தாலியரான ரொமானோ ஆர்ட்டியோலியிடமும் கைமாறியது. 1996இல் அதன் நூற்றுக்கு எண்பது பங்குகளைப் புரோட்டோன் வாங்கிற்று. இவ்வாணிகத்திற்கு முன்னின்ற யஹ்யா அகமது அடுத்த ஆண்டே ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்தார். வாங்கியதன் பயனை அவர் கண்டாரில்லை.

பயன் இருந்ததா என்பதே ஆராயத்தக்கது. பந்தயக் கார் நிறுவனத்தை வாங்குவது வீண்பெருமை என்றோர் அன்றும் உண்டு. ஆனால் ஹெதல் பொறியாளரின் கை முதலில் பட்டது எளிய மக்களின் கார்களில்தான். 1998இல் வந்த சத்திரியா ஜிடிஐ, மூன்று கதவுடைய சிறு கார். எந்திரம் மிட்சுபிஷியினுடையது, 1.8 லிட்டர். அதன் வில்லமைப்பையும் திருப்பத்தையும் ஒழுங்குசெய்தவர்கள் லோட்டஸ் பொறியாளர். காரின் பின்புறத்தில் அதனைக் கூறும் சிறு பட்டயமும் பதித்திருந்தனர். 2000இல் வந்த வாஜாவிலும் அவர்கள் பங்கு இருந்தது. மிட்சுபிஷியிடம் எந்திரம் வாங்கும் நிலையிலிருந்து விடுபடப் புரோட்டோன் உருவாக்கிய காம்ப்ரோ எந்திரம் லோட்டசின் துணையோடு அமைந்தது. 2004இல் ஜென்-2 காரில் அது ஏறியது. அவ்வெந்திரத்தின் தொடக்கக் குறைகளைப் பற்றிப் பலர் பேசினர். எனினும் ஒரு நாடு தன் பெயரில் எந்திரம் செய்யக் கற்றது சிறு செயலன்று.

அக்காலத்தில் ஹெதலில் பிறந்துகொண்டிருந்த கார் எலீஸ். 1995இல் காட்சிக்கு வந்து 1996இல் விற்பனைக்கு வந்த அதன் அடிச்சட்டம், அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டி அமைத்தது. எடை 70 கிலோவிற்கும் குறைவு. முழுக்காரும் 725 கிலோ அளவினதே. இரண்டு ஆள் அதன் அடிச்சட்டத்தைத் தூக்கி நடக்கலாம். ஔவையார் கூறிய தச்சனின் சக்கரம் என்று எதையேனும் சுட்ட வேண்டுமாயின் இதனைச் சுட்டலாம்.

ஆயினும் புகழ் வேறு, வரவுசெலவு வேறு. ஆண்டுக்குச் சில ஆயிரம் சிறு கார்களை விற்றுப் பெரிய தொழிற்சாலையைத் தாங்குதல் அரிது. தாய் நிறுவனத்தின் நிலையும் தளர்ந்திருந்தது. 2006இல் உள்நாட்டு விற்பனையில் பெரோடுவா புரோட்டோனை முந்திவிட்டது. இந்நிலையில் 2009இல் பெராரியிலிருந்து டேனி பஹார் லோட்டசின் தலைமைக்கு அழைத்து வரப்பட்டார். விலையுயர்ந்த கார்களை விற்றாலன்றி நிறுவனம் பிழையாது என்று அவர் கருதினார். அக்கருத்தை நகைத்து ஒதுக்குவது நடுவுநிலையாகாது; கணக்கு அவர் பக்கமே நின்றது. பிழை நேர்ந்தது அளவிலும் விரைவிலும். எஸ்பிரிட், எலான், எலீட், எலீஸ், எடெர்ன் என ஐந்து கார்களையும் ஒருசேரச் செய்து முடிப்பதாக அறிவித்தனர். (லோட்டஸ் கார்கள் பெரும்பாலும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயரின, மோனை காக்கும் நிறுவனம் உலகில் வேறொன்று இருப்பது அரிது.)

எஸ்பிரிட் என்னும் பெயர் பழையது. 1976 முதல் 2004 வரை அப்பெயரில் ஒரு கார் விற்பனையில் இருந்தது. 1977இல் ஜேம்ஸ் பாண்டு திரைப்படமொன்றில் நீருள் மூழ்கி ஓடியதாகக் காட்டப்பட்டதும் அதுவே. புதிய எஸ்பிரிட்டுக்கு 5 லிட்டர் கொள்ளளவும் எட்டு உருளைகளும் உடைய எந்திரம், 620 குதிரைத்திறன், 1,450 கிலோ எடை, 2013இல் விற்பனை என்று அறிவித்தனர். எதிரில் நின்றவை யாவை? பெராரி 458 இத்தாலியா 4.5 லிட்டர் எந்திரத்தில் 570 குதிரைத்திறன் தந்தது. லம்போர்கினி கயார்டோவின் பத்து உருளை எந்திரம் 560 தந்தது. 2011இல் வந்த மெக்லாரன் எம்பி4-12சி, 3.8 லிட்டர் எந்திரத்திலேயே 600 எட்டியது. தாளில் வைத்து எண்ணினால் எஸ்பிரிட்டே முதல்வன். ஏடுகளும் அவ்வாறே பட்டியலிட்டுக் களித்தன. ஆனால் முந்திய இரண்டும் அன்றே சாலையில் ஓடிக்கொண்டிருந்தன. மெக்லாரன் ஓராண்டுக்கு முன்பே காட்டப்பட்டு வெளிவரும் தறுவாயில் இருந்தது. எஸ்பிரிட்டோ பாரிஸ் மேடையில் நின்ற வடிவ மாதிரி. ஓடும் குதிரையோடு வரைந்த குதிரையை ஒப்பிட்ட ஒப்பீடு அது. இன்னொன்றும் அவ்வெண்களில் மறைந்திருந்தது. அறிவித்த எடையாகிய 1,450 கிலோ, முதல் எலீஸின் எடைக்குச் சரியாக இருமடங்கு. சேப்மனின் நிறுவனம் சேப்மனின் வழியைவிட்டு விலகியதை அந்த ஓர் எண்ணே காட்டிற்று. அதனைச் சுட்டியவர் சிலரே. குதிரைத்திறனைப் பேசியவர் பலர்.

இதனிடையே பெயருக்கும் வழக்கு எழுந்தது. டோனி பெர்னாண்டசின் மலேசியப் பார்முலா 1 அணி 2010இல் லோட்டஸ் பெயரை உரிமம் பெற்று ஓடியது. அவ்வாண்டே உரிமம் நீக்கப்பட, அவர் பழைய டீம் லோட்டஸ் பெயரை வேறு வழியில் பெற்றார். நிறுவனமோ ரெனோ அணிக்குப் பொருளுதவி செய்து தன் பெயரை அங்கே பொறித்தது. 2011 ஏப்பிரலில் சிப்பாங் களத்தில் லோட்டஸ் பெயரோடு ஈரணிகள் ஓடின. இரண்டின் பின்னும் மலேசியர். அடுத்த திங்கள் இலண்டன் நீதிமன்றம் இருவருமே தத்தம் பெயரைத் தாங்கலாம் என்றது. காண வந்த கோலாலம்பூர் மக்கள் எந்த லோட்டசுக்குக் கைதட்டுவது என்று திகைத்திருப்பின் வியப்பில்லை.

2012 சனவரியில் கசானா தன் புரோட்டோன் பங்குகளை ஏறத்தாழ 130 கோடி வெள்ளிக்கு டிஆர்பி-ஹைக்கோம் குழுமத்திடம் விற்க இசைந்தது. புதிய உரிமையாளர் ஐந்து கார்த் திட்டத்தின் செலவை ஆராயத் தொடங்கினர். மே திங்களில் பஹார் தற்காலிகமாக விலக்கப்பட்டார். சூனில் பதவி நீக்கப்பட்டார். ஐந்து கார்களுள் ஒன்றேனும் விற்பனைக்கு வரவில்லை. புதிய எலீஸ் வராமையால், 1996இல் தொடங்கிய பழைய எலீஸே திருத்தங்களோடு 2021 வரை ஓடித் தீர்த்தது. 2017இல் சீனத்து ஜீலி நிறுவனம் லோட்டசின் 51 விழுக்காட்டையும் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டையும் பெற்றது. அதன்பின் வந்த எமிரா, எவியா என்னும் கார்கள் வேறொரு வரலாற்றைச் சேர்ந்தவை.

பாரிசில் விளக்குகள் ஒளிர்ந்த அதே காலத்தில் ஹெதலில் வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவில் பெயர் தெரியாதிருந்த ஒரு சிறு நிறுவனம், எலீஸின் அலுமினிய அமைப்பைத் தழுவித் தன் முதற்காரைச் செய்யும்படி 2005இல் லோட்டசோடு ஒப்பந்தம் செய்திருந்தது. ஹெதலில் காரின் உடலைப் பூட்டி அனுப்புவர். மின்கலமும் மின்பொறியும் கலிபோர்னியாவில் ஏறும். 2008 முதல் 2012 வரை ஏறத்தாழ 2,450 கார்கள் இவ்வாறு உருவாயின. அந்நிறுவனம் டெஸ்லா. உலகின் மோட்டார்த் தொழிலையே திசைதிருப்பிய நிறுவனத்தின் முதற்கார் புரோட்டோனுக்கு உரிய தொழிற்கூடத்தில், இலேசான அந்த அடிச்சட்டத்தின் வழிவந்ததொன்றன்மேல் பிறந்தது. பெராரியா எஸ்பிரிட்டா என்று வழக்காடியோர் எழுதிய பட்டியல்களில் அக்காருக்குப் பெரும்பாலும் இடமில்லை.

சத்திரியா ஜிடிஐ விற்பனையினின்று நீங்கி இருபதாண்டு ஆகிவிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அதனைத் தேடி வாங்கிப் பேணுவோர் இன்றும் உளர். வாங்குமுன் அவர்கள் பின்கதவருகே குனிந்து பார்ப்பது, லோட்டசின் பெயர் பொறித்த அச்சிறு பட்டயம் உண்மையானதா, பின்னாளில் ஒட்டியதா என்பதைத்தான்.