திவாலானவரின் பெயர்: மதீனாவிலிருந்து சிபில் பதிவேடு வரை

கடனை உரிய காலத்தில் செலுத்தத் தவறிய ஒருவரைச் சமூகம் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்க வேண்டும்? கடன் அட்டைக்கு விண்ணப்பித்து, சிபில் மதிப்பெண் போதவில்லை என்ற பதிலோடு திரும்பும் நம் சகோதரர்கள் பலர் இந்தக் கேள்வியின் முன்னால்தான் நிற்கின்றனர். கேள்வி புதியதன்று. நம் முன்னோர் இதற்குத் தந்த விடைகள் வங்கிகளுக்கு மிக முந்தியவை.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). அதற்குச் சற்று முன்னே, கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் தருமாறும், தள்ளுபடி செய்வது அதனினும் மேல் என்றும் இறைவன் கூறுகின்றான் (2:280). எழுதுவதும் பொறுப்பதும் அருகருகே அமைந்திருப்பதைக் கவனியுங்கள். கணக்கு மறக்கப்படக் கூடாது. கணக்கு மனிதரை விழுங்கிவிடவும் கூடாது.

இதன் நடைமுறையை முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களின் வாழ்வில் காணலாம். கையில் எதையும் தங்கவிடாத கொடையாளி அவர். கடன் பெருகிச் சொத்து முழுவதும் அதில் அமிழ்ந்தது. நபி (ஸல்) அவர்கள் அவருடைய சொத்தை முடக்கி, விற்று, கடன் கொடுத்தோருக்குப் பகிர்ந்தளித்ததாக அறிவிக்கப்படுகிறது. இச்செய்தியின் அறிவிப்பாளர் தொடர் குறித்து ஹதீஸ் அறிஞர்களிடையே பேச்சு உண்டு. எனினும் திவாலானவரைப் பற்றிய சட்டப் பகுதியில் ஃபிக்ஹு நூல்கள் இதையே முதன்மையாக எடுத்தாள்கின்றன. என் மனம் தங்குவது அடுத்து நடந்ததில்தான். அதே முஆத் (ரலி) அவர்களையே நபியவர்கள் யமனுக்கு அனுப்பினார்கள். அங்குள்ள செல்வர்களிடம் ஸகாத்தைப் பெற்று ஏழைகளுக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பும் அப்பணியில் அடங்கியிருந்தது. சொந்தக் கணக்கில் நொடித்துப்போனவர் கையில் பொதுப்பணம் ஒப்படைக்கப்பட்டது! இன்றைய எந்த வங்கி மேலாளரும் இதற்குத் துணிய மாட்டார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் ஜுஹைனா குலத்து உஸைஃபிஉ என்பவர், ஹாஜிகளை முந்திச் செல்ல வேண்டும் என்பதற்காகவே ஒட்டகங்களை உயர்ந்த விலைக்குக் கடனில் வாங்கிவந்தார். இறுதியில் திவாலானார். உமர் (ரலி) அவர்கள் மக்கள் முன்னிலையில் அவருடைய பெயரைச் சொல்லி, அவரிடம் கடன் வரவேண்டியோர் மறுநாள் காலை வருமாறும் சொத்தைப் பங்கிட்டுத் தருவதாகவும் அறிவித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இது பதிவாகியுள்ளது. பெருமைக்காகப் பட்ட கடனும் கொடையால் வந்த கடனும் ஒரே விதமாகப் பேசப்படவில்லை. இன்றைய மதிப்பெண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது. மருத்துவமனைச் செலவுக்காகத் தவறிய தவணையும் ஆடம்பரக் கைப்பேசிக்காகத் தவறிய தவணையும் அதற்கு ஒன்றே.

கடன் நாணயத்தைத் திரட்டி விற்பதையே தொழிலாக்கியதில் அமெரிக்காவின் லூயிஸ் டாப்பனுக்கு முக்கியப் பங்குண்டு. நியூயார்க்கில் அண்ணன் ஆர்தருடன் பட்டு வணிகம் நடத்தியவர். அடிமை முறையை எதிர்த்துப் போராடியவரும்கூட. 1837-இன் நிதி நெருக்கடியில் அவர்களது நிறுவனம் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட கடனோடு முடங்கியது. அந்த வீழ்ச்சிக்குப் பின், 1841-இல், டாப்பன் மெர்க்கன்டைல் ஏஜென்சியைத் தொடங்கினார். ஊர்தோறும் இருந்த செய்தியாளர்கள் வணிகர்களின் நடத்தை, சொத்து, குடிப்பழக்கம் வரை எழுதி அனுப்பினர். அவை பெரிய பேரேடுகளில் பதிவாயின. சந்தா கட்டியவர் அலுவலகத்துக்குச் சென்றால் எழுத்தர் வாசித்துக் காட்டுவார். தன் பெயருக்கு எதிரே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது மட்டும் உரியவருக்குத் தெரியாது. தானே நொடித்து எழுந்த ஒருவர் இத்தகைய ஏட்டைத் தொடங்கினார் என்பது வரலாற்றின் வினோதங்களுள் ஒன்று. இன்றைய டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனத்தின் வேர் அதுவே.

தன் பதிவைப் பார்க்கும் உரிமை அமெரிக்கருக்குச் சட்டமாக வந்தது 1970-இல். பெரும்பாலான பாதகமான தகவல்கள் 7 ஆண்டுகளுக்குப் பின் அறிக்கையில் இடம்பெறக் கூடாது என்ற வரம்பும் அப்போதே விதிக்கப்பட்டது. 1989-இல் ஃபைகோ மதிப்பெண் பரவலான பயன்பாட்டுக்கு வந்தபோது, பேரேட்டின் வாக்கியங்கள் மூன்று இலக்க எண்ணாகச் சுருங்கின.

இந்தியாவில் சிபில் 2000-இல் நிறுவப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இல் நிறைவேறியது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் உள்ளன. மதிப்பெண் 300 முதல் 900 வரை. நம் நாட்டு விதி தகவலைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. அங்கே ஏழு ஆண்டு மேல்வரம்பு, இங்கே கீழ்வரம்பு. மறதிக்கு நாள் குறிப்பதில் நம் சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை.

நம்மவர் அதிகம் இடறும் இடம் ஒன்றுண்டு. பழைய பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு வங்கி கணக்கை முடித்தால், அறிக்கையில் அது 'செட்டில்டு' என்று பதிவாகும். 'குளோஸ்டு' என்று ஆகாது. கடன் கொடுத்தவர் மனமுவந்து மீதியை விட்டுக்கொடுத்தால் ஷரீஅத்தில் கடன்பட்டவரின் பொறுப்பு நீங்கிவிடுகிறது. கொடுத்தவருக்கு அது ஸதகாவாகிறது. வங்கியின் ஏட்டிலோ அதே விட்டுக்கொடுத்தல் வாங்கியவர் மேல் கறையாக நிற்கிறது. ஆகவே பின்னாளில் வசதி வந்தோர் மீதியையும் செலுத்தி, பாக்கியில்லைச் சான்று பெற்று, பதிவை மாற்றக் கோருவது நன்று.

சிதைந்த பெயரைச் சீர்செய்யப் பரவலாகச் சொல்லப்படும் வழி, வைப்புத்தொகையை ஈடாகக் கொண்டு வழங்கப்படும் கடன் அட்டை. சிறு செலவுகளுக்குப் பயன்படுத்தி, கெடு தேதிக்குள் முழுத்தொகையையும் செலுத்திவந்தால், மாதந்தோறும் நல்ல பதிவு சேரும். வரம்பில் மூன்றிலொரு பங்கைத் தாண்டாமல் இருப்பது உத்தமம். மறுத்துவிட்டார்களே என்று அடுத்தடுத்துப் பல வங்கிகளுக்கு விண்ணப்பிப்பது கேடு. ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகும்.

ஆனால் இந்த வழியே நமக்கு ஆகுமானதா? 2000-இல் ரியாத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வட்டி நிபந்தனையுள்ள கடன் அட்டையை, கெடுவுக்குள் செலுத்தும் எண்ணம் இருந்தாலும் பயன்படுத்தலாகாது என்று தீர்மானித்தது. வட்டி விழாத வகையில் உறுதியாகச் செலுத்துவோருக்குத் தேவையைக் கருதி இடமளிக்கும் ஆலிம்களும் உள்ளனர். ஈடாக வைக்கும் வைப்புத்தொகைக்கு வரும் வட்டி தனிப் பிரச்சினை. இவற்றில் எதையும் விற்பனைப் பிரதிநிதியின் சொல்லை நம்பித் தீர்மானிக்க வேண்டாம். உங்கள் ஊர் ஆலிமிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேளுங்கள்.

அட்டையே வேண்டாம் என்போருக்கும் செய்யத்தக்கது உண்டு. ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையையும் மதிப்பெண்ணையும் இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. வாங்கிப் பாருங்கள். அடைத்த கடன் அடைபடாததாகவும், அடுத்தவர் கடன் நம் பெயரிலும் பதிவாகியிருப்பது அபூர்வமன்று. பிழையைச் சுட்டிக்காட்டி முறையிட்டால் 30 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் முறையிட்டவருக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும்.