போர்க்களத்துக்கு வந்த லேபரட்டரி



லேபரட்டரி என்றதும் நமக்குப் பள்ளிக்கூடத்து லேப்தான் நினைவுக்கு வரும். டெஸ்ட் டியூப், பியூரெட், அமில வாடை. 200 ஆண்டுகளுக்கு முந்தைய பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் இதே சொல்லுக்கு வேறு பொருள். தோட்டா கட்டுகிற இடத்துக்குத்தான் லேபரட்டரி என்று பெயர். படை நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். முகாம் போட்டதும் அதற்கெனத் தனிக் கூடாரம் அடிப்பார்கள்.

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் இரு பக்கமும் 1799 முதல் 1801 வரை நடந்த பாளையக்காரர் போர்களில் வீரத்தைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். மருந்தைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. இன்று அதைப் பார்ப்போம்.

அன்றைய துப்பாக்கிக்கு ஒவ்வொரு முறையும் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைப் போட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பாளையக்காரர் படையில் இருந்தவை பெரும்பாலும் திரித் துப்பாக்கிகள். மருந்து தனி, குண்டு தனி, எரியும் திரி தனி. கம்பெனிச் சிப்பாயிடம் அளந்த மருந்தும் குண்டும் ஒரே காகிதச் சுருளில் இருக்கும். பல்லால் கடித்துக் கொட்டினால் போதும். பழகிய கை நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறை சுடும். 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டா என்று பாடத்தில் படித்தோமே, அதன் மூத்த வடிவம் இது.

இந்தச் சுருள்களைக் கட்டவும், பீரங்கிக்கான மருந்தைத் துணிப்பையில் அளந்து தைக்கவும்தான் அந்தக் கூடாரம். இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்பதால் உள்ளே மரம், செம்புக் கருவிகள்தான். அடுப்பும் விளக்கும் கிட்டே வரக் கூடாது. மருந்துப் பெட்டிகளுக்கு மாட்டு வண்டி. பழுது பார்க்கக் கொல்லன் உலையைக்கூட, துருத்தியோடு சக்கரத்தில் ஏற்றியிருந்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒரு பட்டறையே நடந்து வந்தது.

நம் பக்கம் என்ன இருந்தது? மருந்துக்கு வேண்டியவை வெடியுப்பு, கந்தகம், கரி. கரிக்குப் பஞ்சமில்லை. வெடியுப்பைப் பழைய மண்சுவர், மாட்டுத்தொழு மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கும் வழக்கம் நம் நாட்டில் இருந்தது. கந்தகமும் ஈயமும் வியாபாரத்தில் வந்தால்தான் உண்டு. போர் மூண்டு வழி அடைபட்டால் என்ன செய்வது? எதிரியிடமிருந்தே எடுக்க வேண்டும். 1799 ஏப்ரலில் சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் முதுகுளத்தூர் கச்சேரியில் புகுந்து ஆயுதங்களை எடுத்ததையும், அபிராமம், கமுதியில் கம்பெனிக் கிட்டங்கிகளைத் தாக்கியதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். அதைக் கொள்ளை என்று எழுதியது வெள்ளைக்காரன்.

இன்னொரு வழி, மருந்தே கேட்காத ஆயுதம். 1801 மார்ச் 31 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கம்பெனிப் படை தாக்கியது. பீரங்கி உடைத்த சுவர் வழியே ஏற வந்தவர்களை உள்ளே நின்றவர்கள் நீண்ட ஈட்டிகளால் குத்தித் தள்ளினார்கள். தாக்குதல் தோற்றது. அதற்குப் பின் பெரிய பீரங்கிகளும் கர்னல் அக்னியூவின் கூடுதல் படையும் வரும்வரை ஏழு வாரத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். மே 24 அன்றுதான் கோட்டை விழுந்தது. வளரியும் அப்படித்தான். சின்ன மருது தனக்கு வளரி வீசவும் ஈட்டி எறியவும் சொல்லிக் கொடுத்ததாக, அதே போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஆனால் நடந்து வரும் பட்டறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. அதற்குப் பாதை வேண்டும். ஊமைத்துரை மருதுவிடம் சேர்ந்த பிறகு போர் சிவகங்கைக் காட்டுக்குப் போனது. சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்கு பீரங்கியும் வண்டியும் போக அக்னியூ காட்டை வெட்டிப் பாதை போட்டார். ஜூலை முடிவில் தொடங்கி ஏறக்குறைய ஒரு மாதம் வெட்டினார்கள். வெட்டவெட்ட இரு பக்கத்துக் காட்டிலிருந்தும் அடி விழுந்தது. கடைசியில் அந்தப் பாதையைக் கைவிட்டார்கள். பிறகு வேறு வழியாக மூன்று பிரிவாகப் புகுந்து, அக்டோபர் 1 அன்று காளையார்கோவிலைப் பிடித்தார்கள். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரைக்கும் அதே முடிவு.

வென்றவனுக்கு எது பயம் என்பது அடுத்து அவன் செய்த காரியத்தில் தெரிகிறது. 1801 டிசம்பர் 1 அன்று கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதற்கே தடை. பின்னால் 1878 ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் வந்தது. இன்றைய 1959 சட்டத்திலும் உரிமமில்லாமல் தோட்டா செய்வது குற்றம்தான். சுதந்திர நாட்டில் அது மக்களின் பாதுகாப்புக்கு. 1801இல் அது ஒரு சீமையை மறுபடி எழவிடாமல் செய்வதற்கு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாற்றின் கரையில்தான் கமுதிக் கோட்டையும் இருக்கிறது. பேரப்பிள்ளைகளை அழைத்துப் போனால், மதிலைக் காட்டி வீரம் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். இவ்வளவு பேருக்கும் மருந்தும் ஈயமும் எங்கிருந்து வந்திருக்கும் என்று கேளுங்கள். உங்கள் ஊரில் மருந்து, வெடியுப்பு என்ற சொல் ஒட்டிய காட்டுப் பெயரோ மேட்டுப் பெயரோ இருந்தால், பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு அதைச் சொல்ல ஆளிருக்காது.