பழவேற்காடும் பெலேக்காட்டும்: துணியைத் தேடிச் சென்ற பயணங்கள்

வெள்ளிக்கிழமை நண்பகலில் நம் நாட்டுப் பள்ளிவாசல்களுக்குச் செல்லும் ஆடவர் பலர் கட்டமிட்ட கைலி உடுத்திச் செல்வதைக் காண்கிறோம். மலாய் மொழியில் அதற்குக் 'காயின் பெலேக்காட்' என்று பெயர். 'காயின்' என்பது துணி. 'பெலேக்காட்' என்பதோ சென்னைக்கு வடக்கே உப்பங்கழியோரம் இருக்கும் பழவேற்காடு என்னும் ஊரின் பெயர். ஒல்லாந்தர் 1613இல் அங்கே ஒரு கோட்டையை எழுப்பி, சோழமண்டலக் கரையில் தம் துணி வணிகத்தின் தலைமையிடமாக அதனை வைத்துக்கொண்டனர். கோட்டை இன்று இடிபாடு. கப்பல்களும் இல்லை. ஊரின் பெயர் மட்டும் கடல் கடந்து, அந்த ஊரைக் கேள்விப்பட்டிராதவர்களின் இடுப்பில் இன்றும் வாழ்கிறது.

துணிக்கு ஊரால் பெயரிடுவது புதிய வழக்கன்று. சங்க இலக்கியத்தில் ஆடையைக் குறிக்கும் 'கலிங்கம்' என்னும் சொல் ஒரு நாட்டின் பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் 'கேலிக்கோ' கோழிக்கோட்டிலிருந்து வந்தது. இவ்வகைப் பெயர்களில் ஓர் ஒழுங்கு உண்டு. நெய்த ஊரின் பெயரே துணிக்கு எப்போதும் அமைவதில்லை. ஏற்றுமதியான துறைமுகத்தின் பெயர் அமைவதும் உண்டு. வாங்குபவன் கண்டது கப்பலைத்தான், தறியை அன்று. ஆகவே நெய்தவனின் ஊரும் பேரும் முதல் கடல் பயணத்திலேயே உதிர்ந்துவிட்டன. 'துணி', 'அறுவை' என்னும் நம் சொற்களோ வேறு வழியில் பிறந்தவை. இரண்டும் வெட்டுதல், அறுத்தல் என்னும் வினையடியின. தறியிலிருந்து அறுத்தெடுப்பதைக் கண்ணால் கண்டவர்கள் வைத்த பெயர்கள்.

பணி ஓய்வுக்குப் பின் என் பயணங்களை ஆடைக் கண்காட்சிகளை ஒட்டியே அமைத்துக்கொள்கிறேன். "துணியைப் பார்க்கவா இவ்வளவு தொலைவு?" என்று வீட்டார் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு விடை சொல்ல, அருங்காட்சியகத்துக்குள் துணி எவ்வாறு நுழைந்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1852இல் தொடங்கியபோது அதன் பெயர் உற்பத்திப் பொருள் அருங்காட்சியகம் என்பதே. அழகை வியப்பதைக் காட்டிலும் உள்நாட்டு உற்பத்தியாளருக்குக் கற்பிப்பதே அதன் முதல் நோக்கம். 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளை உண்மையாகவே வெட்டி ஒட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளாகத் தொகுத்தார். அவ்வாறு செய்யப்பட்ட 20 படிகளில் 13 பிரித்தானியாவிலும் 7 இந்தியாவிலும் வைக்கப்பட்டன. இந்தியர் எதை உடுத்துவர் என்பதை ஆங்கிலேய ஆலைகள் அறிந்து, அதையே எந்திரத்தில் நெய்து, இந்தியருக்கே விற்க வேண்டும் என்பதே அத்தொகுப்பின் பயன். பழைய சென்னை மாகாணத்து நெசவாளரின் கைவேலை அவர்களுக்குப் போட்டியாகவே திரும்பி வந்தது. இன்று அத்தொகுதிகள் வரலாற்றுச் செல்வம். அவற்றின் முன் நிற்கும்போது எனக்கு நன்றியும் சினமும் ஒருசேர எழுவதை மறைப்பதற்கில்லை.

ஆடை, பெருங்கூட்டத்தை ஈர்க்கும் காட்சியானது மிகப் பின்னரே. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2011இல் அலெக்சாண்டர் மெக்குவீன் என்னும் ஆடை வடிவமைப்பாளரின் படைப்புகளைக் காட்டியபோது ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். நான் தேடிச் செல்லும் காட்சிகளுக்கு அத்தகைய வரிசை இராது. 2015இல் இலண்டனில் தொடங்கிய இந்தியத் துணிக் கண்காட்சி, 2017இல் நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் ஃப்ரீஸ் அருங்காட்சியகம் வைத்த பூத்துணிக் கண்காட்சி போன்றவை என் நாட்டத்துக்கு உரியவை. வட நெதர்லாந்தின் சிற்றூர்ப் பெண்கள் சோழமண்டலப் பூத்துணியைத் தம் மரபுடையாகவே ஆக்கிக்கொண்டனர் என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம். அதே துணிக்கு அஞ்சித்தான் பிரான்சு 1686 முதல் 1759 வரை தடை விதித்திருந்தது.

இனி, பயணம் ஏன் திட்டமிடப்பட வேண்டும் என்பதற்கு வருவோம். கற்சிலை காத்திருக்கும், துணி காத்திராது. ஒளி சாயத்தைத் தின்னும், தின்றது மீளாது. எனவே காட்சிக்கூடங்களில் ஏறத்தாழ 50 லக்ஸ் அளவே ஒளி அனுமதிக்கப்படும். சில மாதங்கள் காட்டிய துணி, மீண்டும் இருளறைக்குள் சென்று ஆண்டுக்கணக்கில் ஓய்வெடுக்கும். இதனை நான் பட்டே அறிந்தேன். ஐரோப்பிய நகரொன்றில் ஒரே ஒரு மேற்போர்வையைக் காணப் பதின்மூன்று மணி நேரம் பறந்து சென்றேன். கண்காட்சி நடந்துகொண்டுதான் இருந்தது. அப்போர்வை மட்டும் முந்திய வாரம் இறக்கப்பட்டு, அவ்விடத்தில் வேறொன்று தொங்கியது. கண்காட்சியின் இடையில் பொருள்களை மாற்றுவது வழக்கம் என்பதை எழுதிக் கேட்டிருந்தால் அறிந்திருப்பேன். பிழை என்னுடையது.

அன்றிலிருந்து விமானச் சீட்டு வாங்குமுன் மின்னஞ்சல் அனுப்புகிறேன்: குறிப்பிட்ட எண்ணுடைய துணி எந்நாள் வரை காட்சியில் இருக்கும், அதன்பின் ஆய்வறையில் பார்க்க இயலுமா என்று. பல நிறுவனங்கள் முன்பதிவு செய்தவருக்குத் துணியை மேசைமேல் விரித்துக் காட்டுகின்றன. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2025இல் கிழக்கு இலண்டனில் திறந்த சேமிப்பகத்தில் எவரும் முன்கூட்டியே கேட்டுப் பொருள்களைப் பார்க்கலாம். ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டியதில்லை. கண்ணாடிக்கு அப்பால் தொங்கும் துணியைக் காட்டிலும் மேசைமேல் கிடக்கும் துணி அதிகம் பேசும். அதன் பின்புறத்தைக் காண முடியும். வணிகக் குழுமத்தின் முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அருகிலிருப்பதை விட்டுத் தொலைவுக்கு ஓடுவதும் நம் வழக்கமே. கோலாலம்பூரில் ஒரு பழைய கட்டடத்தில் தேசியத் துணி அருங்காட்சியகம் இருக்கிறது. சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் 2011இல், ஏற்றுமதிக்கென நெய்யப்பட்ட இந்தியத் துணிகளை வைத்துப் பெருங்காட்சியொன்றைத் தொடங்கியது. இத்தகைய துணிகள் தமிழகத்தில் உடுத்துக் கிழிந்து போயின. ஏற்றுமதிக்கென்றே செய்யப்பட்டவற்றுள் பல அங்கே தங்கவே இல்லை. சுலாவெசித் தீவின் தொராஜா மக்களோ அவற்றைக் குலச்செல்வமாகக் கருதி, சடங்கு நாள்களில் மட்டும் விரித்து, தலைமுறை தலைமுறையாகக் காத்தனர்.

அக்காட்சியில் ஒரு பெரிய பூத்துணியின் முன் நின்றிருந்தேன். அருகே ஒரு பள்ளி மாணவி. இலைகள் ஏன் நீலமாக இருக்கின்றன என்று தன் தாயிடம் தமிழில் கேட்டாள். தாய் என்னைப் பார்த்தார். அவுரி நீலத்தின் மேல் மஞ்சளைத் தீட்டித்தான் பச்சையாக்குவர். மஞ்சள் விரைவில் வெளுத்துவிடும், நீலம் நிற்கும் என்றேன். பூவின் சிவப்பு மட்டும் எப்படி நின்றது என்றாள். சாயவேர் என்னும் சிறு செடியின் வேரைப் பற்றிச் சொன்னேன்; ஆங்கிலேய வணிகர் அச்சொல்லையே தம் மொழிக்கு எடுத்துச் சென்றதையும் சொன்னேன்.

அவள் விளக்கப் பலகையைப் படித்தாள். "கொரமண்டல் கோஸ்ட் எங்கே இருக்கு, தாத்தா?"

சோழமண்டலம் என்றேன். அவள் பலகையிலிருந்த ஆங்கில எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொடுவதுபோல் காற்றில் தொட்டு, இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.