ஒரு கடிதமும் மூன்று திராட்சைகளும்

ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து தெற்கே சியன்னா நோக்கிச் செல்லும் மலைச்சாலை கியாந்தி நாட்டை ஊடறுத்துப் போகிறது. இலையுதிர் காலத்தில் ஒருநாள் காலை, நாங்கள் எட்டுப் பேர் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு அச்சாலையில் புறப்பட்டோம். மூன்று தோட்டங்களில் ஒயினைச் சுவைத்துப் பார்ப்பது, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவது என்பது ஏற்பாடு. எங்களுள் இருவர் மதுவைத் தொடாதவர்கள். முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டனர். இக்கட்டுரைக்கு அவ்விருவரின் குறிப்பேடுகளே பெரிதும் துணை நின்றன என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்!

கிரேவே ஊரின் முக்கோணச் சதுக்கத்தில் வெர்ரத்சானோவின் சிலை நிற்கிறது. 1524இல் நியூயார்க் துறைமுகத்தைக் கண்ட கடலோடி அவர். அங்கே காப்பி அருந்திவிட்டு, ராத்தாவை அடுத்த முதல் தோட்டத்தை அடைந்தோம். புட்டியின் கழுத்தில் கறுப்புச் சேவல் முத்திரை. இடைக்காலத்தில் ராத்தாவைத் தலைமையாகக் கொண்டிருந்த கியாந்திக் கூட்டமைப்பின் சின்னம் அது. 1924இல் அதே ஊரில் 33 உற்பத்தியாளர்கள் கூடிச் சங்கம் அமைத்தபோது அதனையே எடுத்துக்கொண்டனர். ஃபுளோரன்ஸும் சியன்னாவும் சேவல் கூவும் நேரத்தில் குதிரை வீரர்களை அனுப்பி எல்லை வகுத்த கதையையும் வழிகாட்டி சொன்னார். இனிய கதை. ஆயினும், 1716இல் மூன்றாம் கோசிமோ தே மெதிச்சி கோமகன் ஓர் ஆணையால் கியாந்தி உள்ளிட்ட நான்கு ஒயின் நிலங்களுக்கு எல்லை வரையறுத்தாரே, அதுவே எங்களுக்குச் சுவையாக இருந்தது. ஒயினுக்குச் சட்டத்தால் எல்லை வகுத்த மிகப் பழைய முயற்சிகளுள் அது ஒன்று.

பின்னர் வழிகாட்டி, "1872ஆம் ஆண்டின் ரிக்காசோலி சூத்திரம்" என்று பெருமையுடன் மூன்று திராட்சைகளின் பெயர்களைச் சொன்னார்: சாஞ்சோவேசே, கனயோலோ, மால்வாசியா. முதலிரண்டும் கறுப்பு, மூன்றாவது வெள்ளை. ஆனால் எங்கள் கோப்பையில் ஊற்றப்பட்டதோ சாஞ்சோவேசே ஒன்றினால் மட்டுமே ஆன ஒயின். சூத்திரம் மூன்று, கோப்பையில் ஒன்று! இந்த முரண்பாடு நாள் முழுவதும் எங்களை விடவில்லை.

விடையைத் தேடி ப்ரோலியோ கோட்டைக்குச் சென்றோம். 1141 முதல் ரிக்காசோலி குடும்பத்தின் உடைமை. செங்கல்லால் ஆன அதன் மாளிகை நாம் எண்ணுவதுபோல் இடைக்காலத்தது அன்று, 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதனை எழுப்பிய பெத்தீனோ ரிக்காசோலி, 'இரும்புப் பிரபு' எனப்பட்டவர். 1861இல் காவூர் மறைந்தபின் ஐக்கிய இத்தாலியின் இரண்டாவது பிரதமரானவரும் அவரே. ஆனால் அவருடைய உள்ளம் இந்தக் குன்றுகளில்தான் கிடந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சோதனைகளின் முடிவைத்தான் 1872 செப்டம்பரில் பீசா பல்கலைக்கழகப் பேராசிரியர் செசாரே ஸ்துதியாத்திக்குக் கடிதமாக எழுதினார். அதன் சாரம் இது: மணமும் வீரியமும் சாஞ்சோவேசேயால் வருகின்றன, அதன் கடுமையைக் கனயோலோ தணிக்கிறது, மால்வாசியா ஒயினை மென்மையாக்கி, அன்றாட உணவோடு விரைவில் அருந்தத் தக்கதாக்குகிறது. நெடுங்காலம் வைத்திருக்க வேண்டிய ஒயினில் மால்வாசியாவைத் தவிர்த்துவிடலாம்.

சூத்திரமாகப் பரவியபோது உதிர்ந்துபோனது இந்தக் கடைசி வரிதான். 1967இல் கியாந்திக்கு அரசு விதிமுறை வகுத்தபோது, வெள்ளைத் திராட்சை நூற்றுக்குப் பத்து முதல் முப்பது வரை கட்டாயம் என்றாயிற்று. மால்வாசியாவோடு, மிகுதியாகக் காய்க்கும் திரெப்பியானோவும் இடம்பெற்றது. பிரபு 'விடலாம்' என்றார். சட்டம் 'விடக் கூடாது' என்றது. வெள்ளைத் திராட்சையை அறவே நீக்கிய தின்யானெல்லோ போன்ற உயர்ந்த ஒயின்கள் 1970களில் வெறும் 'மேசை ஒயின்' என்ற பெயரில் விற்கப்பட்டன. 1984இல் அளவு குறைந்தது. 1996இல் கியாந்தி கிளாசிகோவைச் சாஞ்சோவேசேயால் மட்டுமே செய்ய அனுமதி கிடைத்தது. 2006இல் அதில் வெள்ளைத் திராட்சை தடைசெய்யவே பட்டது. ஒரு வரியை மீட்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்!

சட்டம் இயற்றியோர் கடிதத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. எங்களுக்கு வேறொன்று தோன்றுகிறது. இந்நிலங்களை நூற்றாண்டுக் கணக்கில் உழுதவர்கள் வாரக்குடிகள். 'மெட்சத்ரியா' எனும் அம்முறையில் விளைச்சலில் பாதி நிலக்கிழாருக்கு, பாதி குடியானவருக்கு. காரியஸ்தர் கணக்கெழுதுவார், கடன் ஏடு ஆண்டுதோறும் தொடரும். கோதுமைப் பாத்திகளுக்கிடையே நட்ட மரங்களின்மேல் கொடிகளைப் படரவிட்டனர்; ஒலிவமும் அருகிலேயே. அளந்து பங்கிடும் ஊரில் மிகுதியாகக் காய்க்கும் வெள்ளைக்கொடியை எந்தக் குடியானவர் வெட்டுவார்? சட்டம் ஏற்கனவே நிலத்தில் நின்றதைத்தான் ஏட்டில் ஏற்றியது என்பது எங்கள் ஊகம்.

1950களிலும் 60களிலும் குடியானவர்கள் கூட்டங்கூட்டமாக ஃபுளோரன்ஸுக்கும் பிராத்தோவின் ஆலைகளுக்கும் சென்றுவிட்டனர். 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடுத்தது. எஞ்சியவற்றைக் குத்தகையாக்க 1982இல் மற்றொரு சட்டம் வந்தது. வெறிச்சோடிய குன்றுகளில் பழைய கலப்புப் பயிர் அகற்றப்பட்டு, திராட்சை மட்டுமே வரிசை வரிசையாக நடப்பட்டது. வேன் சன்னல்வழியே "எத்தனை பழமையான காட்சி!" என்று நாங்கள் வியந்த அவ்வரிசைகளுள் பெரும்பாலானவை எங்களுள் மூத்தவரைவிட இளையவை.

மூன்றாவது தோட்டத்துச் சுவைக்கூடம் முன்பு மாட்டுத்தொழுவமாம். சுவரில் மாடு கட்டும் இரும்பு வளையம் இன்னும் இருக்கிறது. குடியானவர்கள் மேல்மாடியில் வாழ்ந்தார்கள். வின் சாந்தோ ஊற்றிய முதியவர், அத்தகைய வீடொன்றில் பிறந்தவர். உலர்த்திய திராட்சையைப் பிழிந்து, சிறு பீப்பாய்களில் கூரையடியில் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கும் இனிய ஒயின் அது. "உங்கள் வீட்டிலும் இது இருந்ததா, ஐயா?" என்று கேட்டோம். விருந்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் மட்டும் என்றார். அன்றாடம் அருந்தியதோ, பிழிந்த சக்கையில் நீரூற்றி வடித்த சாறு. நல்ல ஒயின் விற்பனைக்குப் போய்விடும்.

அந்தச் சாறு இன்று எங்கேனும் கிடைக்குமா என்று குறிப்பேட்டு நண்பர் கேட்டார். முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எங்கள் கோப்பைகளை நிரப்பத் தொடங்கினார். வேனோட்டி வெளியிலிருந்து ஒலியெழுப்பிக்கொண்டிருந்தார்.